கடைசியில் வரும் சொல்

என் மனைவி மக்டலீனை எந்தப் பெரிய கட்டடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஒரே கேள்விதான் கேட்பாள். "இதை ஆரப்பா கூட்டித் துடைக்கிறது?"

கொலோன் பேராலயத்துக்கு முதன்முதல் போனபோது நான் கழுத்து நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து, தரையில் உருகி ஒட்டியிருந்த மெழுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாரிசிலும் அதே கதைதான். ஊர் உலகமெல்லாம் வாயைப் பிளக்கிற இடத்தில் இவள் வாளியும் துடைப்பமும் எங்கே என்று தேடுவாள். நாங்கள் இருக்கும் ஜேர்மன் நகரமான டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடத்துக்கு மேலாகத் துப்புரவு வேலை செய்கிறாள். இப்போது அவளுக்குக் கீழே ஒரு குழுவே இருக்கிறது. அந்தக் குழுவுக்கு அவளிடம் இருக்கிற பயம் எனக்கும் கொஞ்சம் உண்டு.

அப்படிப்பட்டவள் வாயடைத்து நின்றதைப் போன கோடையில் பார்த்தேன். ஸ்கொட்லாந்தில், மலைகளுக்கு நடுவே, கில்மோரன் என்ற சின்னஞ்சிறு பழைய ஊரில். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் டொச்சு, அதாவது ஜேர்மன் மொழிச் சொல் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் மக்டலீனின் கதை இல்லை.

சொல் இதுதான்: நிஹ்ட். இல்லை, கூடாது, ஏலாது எல்லாவற்றுக்கும் ஜேர்மன்காரருக்கு அது ஒன்று போதும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மன்னாரிலிருந்து வந்து அகதிகள் விடுதியில் இருந்தபோது மக்டலீன் முதலில் படித்த டொச்சு, வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. இந்த நிஹ்ட்தான். வேலை செய்யலாமோ? நிஹ்ட். அறைக்குள் சமைக்கலாமோ? நிஹ்ட். மாவட்டத்தை விட்டு வெளியே போகலாமோ? அது எல்லாவற்றிலும் பெரிய நிஹ்ட். விசா முடிவாகாதவர்கள் குறித்த எல்லையைத் தாண்டுவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம்.

அவளுடைய அக்கா அன்ரனிற்றா ஸ்டுட்கார்ட்டில் இருந்தா. அக்காவின் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மக்டலீன்தான் ஞானத்தாய் என்று பேச்சு. அனுமதி கேட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னாள், முகம் நிறையச் சிரித்தாள், நீளமாக ஒரு வசனம் சொன்னாள். வசனம் முழுக்க இனித்தது. கடைசியில் நிஹ்ட் என்று முடிந்தது.

டொச்சில் இதுதான் வில்லங்கம். நிஹ்ட் பெரும்பாலும் கடைசியில் வந்து குந்தும். எங்கள் தமிழிலும் அப்படித்தானே, வர ஏலாது, தர ஏலாது என்று அடி கடைசியில்தான் விழும். இரண்டு மொழியும் சேர்ந்து மக்டலீனின் காதைப் பழக்கிவிட்டன. யார் என்ன பேசினாலும் முன்னுக்கு வருகிற சர்க்கரையை அவள் கணக்கில் எடுப்பதில்லை. கடைசியில் என்ன வருகிறது என்று காத்திருப்பாள். நிஹ்ட் வந்தால் "டாங்க" என்று நன்றி சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவாள். ஏன் என்று கேட்கமாட்டாள்.

"வேண்டாம் எண்டு சொன்னவையட்டைப் போய் ஏன் எண்டு கேக்கிறது பிச்சை எடுக்கிற வேலை," என்பாள்.

கேட்காததோடு விட்டாலும் பரவாயில்லை. அந்த வாசலைப் பிறகு மிதிக்கவும் மாட்டாள். எங்கள் தெருவில் ஒரு பேக்கரி இருக்கிறது. ஒருநாள் இவள் கசகசா போட்ட பணிஸ் கேட்க, அங்கே நின்ற பெண் "ஹொய்ட்ட நிஹ்ட்", இன்றைக்கு இல்லை, என்றுவிட்டாள். பணிஸ் விற்று முடிந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. அன்றோடு அந்தக் கடைக்கும் எங்களுக்கும் உறவு முறிந்தது. மழையோ பனியோ, நான் இரண்டு தரிப்பிடம் தள்ளிப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வருகிறேன். இதில் எனக்கு இருக்கிற கோபத்தை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

இனி லவினியாவுக்கு வருகிறேன். எங்கள் ஒரே மகள். இங்கேயே பிறந்து, ஆஹென் நகரில் பொறியியல் படித்து, அங்கேயே வேலை செய்கிறாள். கூடப் படித்த ஒரு ஸ்கொட்லாந்துப் பையனைக் கட்டப்போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டே சொன்னாள். பையனின் பெயரைத் தமிழில் எழுதினால் கலம் என்றுதான் வரும்.

"கலமோ? கலமெண்டால் சோறு போட்டுத் தின்னிற சாமானெல்லே?" என்றாள் மக்டலீன்.

"நல்லதுதானே. சோத்துக்குப் பஞ்சம் வராது," என்றேன். அந்த மத்தியானம் எனக்குப் பிறகு சொதி கிடைக்கவில்லை.

கலத்தில் குற்றம் கண்டுபிடிக்க மக்டலீன் எவ்வளவோ முயன்றாள். பையன் அதற்கு இடம் தரவில்லை. வந்தால் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினான். சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு கில்மோரனில் போய்க் குடியிருக்கப்போகிறார்களாம். கலத்தின் தாய் இறந்துவிட்டா, தகப்பன் தனியாக இருக்கிறார். ஒரே மகள் கடல் தாண்டிப் போவதை நினைத்தால் எனக்கே பொறுக்கவில்லை. மக்டலீனுக்குக் கேட்க வேண்டுமா?

லவினியா வாதாடவில்லை. "நீங்கள் ஓம் எண்டு சொன்னால்தான் அம்மா. இல்லாட்டி நான் செய்யமாட்டன்," என்றாள். அவள் சும்மா சொல்கிற பிள்ளை இல்லை. பிடிவாதம் தாயிடமிருந்து அப்படியே இறங்கியிருக்கிறது.

மக்டலீன் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து இதைச் சொன்னாள்: "அந்த வீட்டாக்கள் எங்களை என்னண்டு வாங்கோ எண்டு கூப்பிடுகினம் எண்டு பாத்துத்தான் சொல்லுவன். வாசலில வைச்சு மனசோட கூப்பிடாத வீட்டில என்ரை பிள்ளை வாழத் தேவையில்லை."

எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து வாங்கோ என்று வாய் திறந்து சொல்லும்வரை, வந்தவர் வந்தவர் ஆகமாட்டார். படலையைத் திறந்து வைத்திருந்தாலும் சரி, விருந்து சமைத்து வைத்திருந்தாலும் சரி, அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் சோறு இறங்காது. லவினியா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் நாங்கள் போன கோடையில் ஸ்கொட்லாந்துக்கு வெளிக்கிட்டோம். எடின்பரோவில் விமானம் இறங்கியது, நாங்கள் இறங்கினோம், மக்டலீனின் பெட்டி இறங்கவில்லை. அதற்குள்தான் அவள் இரண்டு நாள் இருந்து சுட்ட பயித்தம் பணியாரமும் அச்சுப்பலகாரமும், உடுத்த வைத்திருந்த நீலச் சேலையும் இருந்தன. "வெறுங்கையோட சம்பந்தி வீட்டை போறதோ?" என்று வழி முழுக்க முணுமுணுத்தாள். கலம் கார் ஓட்டினான். வீதியின் இடது பக்கத்தால் கார் ஓடுவதைக் கண்டதும்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இவ்வளவு வருசத்துக்குப் பிறகு சரியான பக்கத்தால ஓடுறாங்கள்," என்றாள்.

கில்மோரனில் ஒரு விருந்தினர் வீட்டில் அறை எடுத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்த கையோடு பெட்டி வேறு விமானத்தில் மாறி அபர்டீனுக்கு வந்துவிட்டதாக விருந்தினர் வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தது. லவினியாவும் கலமும் அதை எடுக்கப் புறப்பட்டார்கள். "கலத்தின்ரை அப்பாவை நாளைக்குத்தான் சந்திக்கிறம். நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலாய் ஊரைப் பாருங்கோ. இஞ்சை கைபோன் வேலை செய்யாது, பயப்படாதேங்கோ," என்று லவினியா சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் வெளியே இறங்கி நடந்தோம். ஊர் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெரிய தெரு, அதிலிருந்து பிரிகிற சில ஒழுங்கைகள், ஒரு கல்பாலம், நடுவில் ஒரு பழைய கற்சிலுவை. ஆனால் எல்லாமே கல். வீடு கல், மதில் கல், கூரையும் கற்பலகை. மலையே எழும்பி வந்து வீடுகளாக இருந்துகொண்டதுபோல இருந்தது. ஒழுங்கைகள் அவ்வளவு ஒடுக்கம், நான் முன்னும் அவள் பின்னுமாகத்தான் போக முடிந்தது. சத்தம் என்றால் ஆறு ஓடுகிற சத்தம் மட்டும். டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக்குக் கீழே இரவும் பகலும் ட்ராம் ஓடும். இங்கே என் சப்பாத்துச் சத்தமே எனக்குக் கூச்சமாக இருந்தது.

தெரு முடிகிற இடத்தில் கோயில் நின்றது. நின்றது என்றா சொல்வது? பாதி நின்றது. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் துறவிகள் கட்டிய பெரிய ஆலயம். இப்போது கூரை இல்லை. நான்கு பக்கமும் சுவர்கள் மட்டும் வானத்துக்கு எழும்பி, கண்ணாடி இல்லாத சன்னல்களால் மலையும் மேகமும் தெரிந்தன. உள்ளே தரை இருந்த இடத்தில் பசும்புல். பலிபீடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

நான் மக்டலீனைத் திரும்பிப் பார்த்தேன். கேள்வி வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய கருங்கற்படி. அதன் நடுப்பகுதி தேய்ந்து தேய்ந்து ஒரு கிண்ணம்போலக் குழிந்திருந்தது. மழைத் தண்ணீர் அதில் தேங்கி நிற்க, அதற்குள் வானம் தெரிந்தது. அவள் குந்தி இருந்து, அந்தக் குழியைக் கையால் தடவினாள்.

"தரை தேயிறது எனக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக. "எங்கடை இல்லத்தில இருபது வருசத்தில வாசல் பக்கத்து லினோலியம் வெளிறினதைத்தான் கண்டிருக்கிறன். கருங்கல்லு இப்பிடித் தேயிறதெண்டால் எத்தினை சனம் வந்திருக்கும்? ஒருத்தரையும் வெளியில நிக்க வைக்கேல்லைப்போல."

பிறகு எழும்பி உள்ளே போனாள். நடுவில் நின்று மேலே பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய உயரத்துக்குச் சுவர், அதற்கு மேலே வெறும் வானம். அவள் வாய் திறந்திருந்தது. சிலுவை அடையாளம் போட்டாள். "மழை வந்து கழுவுது. ஆடு வந்து புல்லுக் கூட்டுது. ஆளே தேவையில்லை," என்றாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தச் சுவர்களைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த நேரம்தான் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒரு உயரமான கிழவர். கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தில் பார்த்திருந்தபடியால் உடனே தெரிந்தது: கலத்தின் அப்பா சாண்டி. அவருக்கும் எங்களை அடையாளம் காண்பது கஷ்டமாக இருந்திருக்காது. அந்த ஊரில் அன்றைக்கு எங்கள் நிறத்தில் வேறு யாரும் இல்லை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சில மாடுகளும் செம்மறிகளும் வைத்திருக்கிறார். புல் மேய்ந்த அந்த இரண்டும் அவருடையவைதான்.

அவர் பேசத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மன்னாரில் படித்த ஆங்கிலம் டொச்சுக்கு அடியில் எப்போதோ புதைந்துவிட்டது. தோண்டி எடுத்தாலும் இந்த மனிதர் பேசுவது அந்த ஆங்கிலமாகவும் இல்லை. ஆனால் மக்டலீன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவர் "லவினியா" என்றார், பிறகு "டோஹ்ட்டர்" என்றார்.

"யா, டொஹ்ட்டர்!" என்றாள் இவள். டொச்சில் மகளுக்கு அதுதான் சொல். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா, இந்த மனிசன் டொச்செல்லே கதைக்குது!"

நான் நம்பவில்லை. ஆனால் அவர் கோயிலைக் காட்டிக் "கேர்க்" என்றார். முதியோர் இல்லத்தில் பழைய வெஸ்ட்ஃபாலியாக் கிழவிகள் கோயிலை அப்படித்தான் சொல்வார்களாம். ஆற்றுக்கு அப்பால் சடை மயிரோடு நின்ற மாட்டைக் காட்டிக் "கூ" என்றார். டொச்சிலும் மாடு கூதான். மக்டலீன் கைதட்டாத குறை. இவர் ஒரு சொல், அவள் ஒரு சொல், நடுநடுவே கைச்சைகை. ஒரு சம்பந்திச் சம்பாஷணையே நடந்தது. பள்ளத்தாக்கின் முடிவில் மின்னிய ஏரியைக் காட்டி அவர் பெருமையாக "லொஹ்" என்றார். டொச்சில் லொஹ் என்றால் ஓட்டை. மக்டலீன் எங்கே ஓட்டை என்று தரையெல்லாம் தேடினாள். ஒரே சத்தத்தில் இரண்டு பொருள் இருக்கலாம் என்ற புத்தி எங்களுக்கு அந்த இடத்திலேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

லவினியாவைப் பற்றி அவர் பேசியபோது கண் கலங்கியது. பனிக்காலத்தில் அவள் வந்து நின்றதையோ, அவருடைய ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுத்ததையோ கையால் நடித்துக் காட்டினார். நெஞ்சில் கை வைத்தார். மக்டலீனின் முகம் இளகிப் போயிருந்தது. நான் அந்த முகத்தை லவினியா பிறந்த அன்று பார்த்தேன், பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விடைபெறும் நேரம் வந்தது. அவர் பாலத்துக்கு மேலே, நீலக் கதவு போட்ட ஒரு கல்வீட்டைக் காட்டினார். அவருடைய வீடு. தொப்பியைக் கைக்குள் சுருட்டினார், விரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். முகம் சிவந்தது. கடைசியில் ஒரே மூச்சில் சொன்னார்:

"கம் டே த ஹூஸ் த நிஹ்ட்."

சுவிஸ் ஆட்கள் சொல்வதுபோலக் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. ஆனால் சந்தேகமே இல்லை. கம், வா. ஹூஸ், வீடு. நிஹ்ட். வீட்டுக்கு வராதே.

மக்டலீனின் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "டாங்க" என்றாள். திரும்பி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தபடி நின்றார். சிரித்துக்கொண்டு நிஹ்ட் சொல்கிறவர்கள் எங்களுக்குப் பழக்கம்தான்.

அறைக்குள் வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன திமிர் பாரும்! மகனுக்கு எங்கடை பிள்ளை வேணும், நாங்கள் வீட்டை வரக்கூடாதோ? இப்பவே வெளிக்கிடுவம்," என்று கத்தினேன். மக்டலீன் கைக்குட்டையை நனைத்து, விருந்தினர் வீட்டுக்காரரின் சன்னல் கட்டையைத் துடைத்தாள். கோபம் வந்தால் அவள் துடைப்பாள். பிறகு கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு கட்டில் காலைத் துடைத்தாள். கட்டில் காலுக்கு வந்துவிட்டாள் என்றால் நிலைமை மோசம்.

"பிள்ளைக்கு இதைச் சொல்லாதேங்கோ," என்றாள் கடைசியாக. "நானே ஏலாதெண்டு சொல்லிறன். என்னிலை பழி வரட்டும். இப்பிடி ஒரு சொல்லுச் சொன்னவை எண்டு தெரிஞ்சால் அவளின்ரை மனசு உடைஞ்சுபோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் ஏலாது என்றால் லவினியா கேள்வி கேட்கமாட்டாள். கலத்தை விட்டுவிடுவாள். சொன்ன சொல்லில் நிற்கிற பிள்ளை. இப்பவே வெளிக்கிடுவம் என்ற பேச்சை நான் அதோடு விட்டேன்.

மாலையாகியும் அவர்கள் வரவில்லை. அந்த ஊர்க் கோடையில் சூரியன் இறங்குகிற எண்ணமே இல்லாமல் நின்றது. சன்னலால் பாலமும் நீலக் கதவும் தெரிந்தன. அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை எழும்பியது. மக்டலீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழும்பிச் சப்பாத்தைப் போட்டாள்.

"எங்கை வெளிக்கிட்டீர்?"

"கேக்கப் போறன்."

"என்னத்தை?"

"ஏன் எண்டு."

எனக்கு என் காதிலேயே நம்பிக்கை இல்லை. அக்காவின் பிள்ளைக்கு ஞானத்தாயாகப் போக முடியாது என்றபோது கேட்காதவள். பணிஸ் இல்லை என்றபோது கேட்காதவள்.

"உமக்கென்ன விசரோ? வேண்டாமெண்ட வாசலுக்கு நீர் போவீரோ?"

"எனக்கெண்டால் போகமாட்டன். இது பிள்ளைக்கு." சப்பாத்துக் கயிற்றை இறுக்கினாள். "அந்த மனிசன் லவினியாவைப் பற்றிச் சொல்லேக்கை கண் கலங்கினது பொய்யில்லை. நான் பாத்தனான். அப்ப ஏன் நிஹ்ட்? எனக்கு விளங்கேல்லை. விளங்காமல் என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையில கைவைக்க ஏலாது."

பாலத்தைத் தாண்டி ஏறினோம். அவள் முன்னால் போனாள், வெறுங்கையோடு, வந்த உடுப்போடு. நீலக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். அந்த வீட்டுப் படியும் நடுவில் குழிந்திருந்தது. கோயில் படியளவுக்கு இல்லை, ஒரு குடும்பம் பல தலைமுறை நடந்த அளவுக்கு. அவள் படியில் ஏறவில்லை. கீழே நின்றபடியே கையை நீட்டித் தட்டினாள்.

கதவு திறந்தது. சாண்டி கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அதற்கு மேலே சமையல் ஏப்ரன். மக்டலீன் முதுகை நிமிர்த்தினாள். இத்தனை வருட ஜேர்மன் வாழ்க்கையில் ஒரு கந்தோரிலும், ஒரு கடையிலும், ஒருவரிடமும் கேட்காத இரண்டு சொல்லை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"வறூம் நிஹ்ட்?"

ஏன் கூடாது?

கிழவரின் முகம் மலர்ந்தது. "ஐ, ஐ! த நிஹ்ட்! த நிஹ்ட்!" என்று, ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டிக் கூவினார். கதவை அகலத் திறந்தார். நான் குழம்பிப்போனேன். கூடாது, கூடாது என்று கத்திக்கொண்டு ஒரு மனிதன் கதவை ஏன் திறக்கிறான்? அவர் ஒதுங்கி நின்றார். பாடம் ஒப்புவிக்கிறவர்போலக் கண்ணை இறுக்கி மூடினார்.

"வாங்," என்றார். நிறுத்தினார். மூச்சை இழுத்தார். ஒரு கல்லைத் தூக்கி வைப்பதுபோலப் பாடுபட்டு மிச்சத்தைச் சொன்னார்: "கோ."

ஸ்கொட்லாந்து மலைக்குள், எண்ணூறு வருடக் கோயிலின் நிழலில், அந்தச் செம்பட்டை மீசைக்குள்ளிருந்து எங்கள் மன்னார் வாசலின் சொல் வந்தது. மக்டலீன் ஒரு காலைப் படியில் வைத்தபடி அப்படியே நின்றாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. அதைத் துடைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை, எல்லாவற்றையும் துடைக்கிறவளுக்கு.

பிறகு மூக்கைச் சுருக்கினாள். உள்ளே இருந்து தீய்ந்த மணம். சாண்டி எங்களுக்காகச் சோறு காய்ச்சியிருக்கிறார். அது அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. மக்டலீன் ஒரு நொடியில் படியைத் தாண்டி, அவரைத் தாண்டி, நேரே குசினிக்குள் போய் அடுப்பை நிறுத்தினாள். மேசையில் எல்லோருக்கும் கோப்பை வைத்து, நடுவில் ஒரு சாடியில் காட்டுப்பூ வைத்திருந்தார்.

லவினியாவும் கலமும் பெட்டியோடு எங்களைத் தேடி அங்கே வந்து சேர்ந்தபோது மக்டலீன் சாண்டியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வேறு சோறு காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல லவினியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தாள்.

"ஐயோ அம்மா! இவையின்ரை பேச்சில நிஹ்ட் எண்டால் இரவு. த நிஹ்ட் எண்டால் இண்டைக்கு இரவைக்கு. இரவைக்கு வீட்டை வாங்கோ எண்டெல்லோ கூப்பிட்டிருக்கிறார்! நாளைக்கு மட்டும் பொறுக்க அவருக்கு மனம் வரேல்லைப்போல."

"இந்த வெளிச்சத்தை ஆர் இரவெண்டு சொல்லுவான்?" என்றேன் நான். எனக்கு வேறென்ன சொல்ல வரும்?

சாண்டி தாழ்ந்த குரலில் லவினியாவிடம் ஏதோ சொன்னார். அவள் சிரிப்பு நின்றது. கலத்தைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

"அம்மா, வாங்கோ எண்டு கூப்பிடவேணும் எண்டு நீங்கள் சொன்னதை நான் இவரட்டைச் சொன்னனான். அந்த நாள் துவங்கி ஆட்டுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினவராம். பின்னேரம் கோயிலடியில வைச்சே சொல்ல வெளிக்கிட்டவர். ஆனா பயந்துபோனாராம்." அவள் சாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தச் சொல்லு கடைசியில 'கோ' எண்டு முடியுதெல்லே? இங்கிலிஷில கோ எண்டால் போ. இவ்வளவு தூரம் வந்த தாயைப் பாத்துக் கடைசியில போ எண்டு முடியிற சொல்லை நான் என்னண்டு சொல்லுவன் எண்டு யோசிச்சு, தன்ரை பேச்சிலயே கூப்பிட்டவராம்."

மக்டலீன் அகப்பையைக் கீழே வைத்தாள். அந்தக் கிழவரை நெடுநேரம் பார்த்தாள். அவரும் தொப்பி இல்லாத கையைப் பிசைந்துகொண்டு, கடைசிச் சொல்லுக்குக் காத்திருக்கிறவர்போல நின்றார்.

அவள் லவினியாவிடம் திரும்பினாள். "ஓம்," என்றாள்.

"என்னம்மா ஓம்?"

"நீ கேட்டதுக்கு ஓம்." ஏப்ரன் நுனியால் இப்போதுதான் கண்ணைத் துடைத்தாள். பிறகு கரி பிடித்த அடுப்பைக் காட்டினாள். "ஆனா இந்த அடுப்பைக் கலியாணத்துக்கு முதல் நான் வந்துதான் தேச்சுக் கழுவுவன். வேறை ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு சம்பந்தியட்டைச் சொல்லிப்போடு."